வரிசை இல்லாத வயல்

தண்ணீர் விழுகிற சத்தம்தான் முதலில் வந்தது. மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து வாய்க்கால் வழியே வந்து, ஏதோ ஒரு மடையில் தொபதொபவென்று விழுந்து, கொஞ்ச நேரம் எதையோ யோசித்தது போல அடங்கி, மறுபடியும் விழுந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயல் தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, வரப்பின் மேல் குந்தி உட்கார்ந்திருந்த எபிநேசருக்குத் தன் முழங்காலே தெரியவில்லை. விடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறான். விடியாமல் போனால்கூடப் பரவாயில்லை என்றும் உட்கார்ந்திருக்கிறான். இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருக்க முடியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இருந்தன, அவ்வளவுதான். வெளிச்சம் வந்தால் எதிரே பாத்தியில் நிற்பது நெல்லா புல்லா என்று தெரிந்துவிடும். வெளிச்சம் வந்தால் மன்னார்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, காய்ச்சலோடு ஊருக்குப் போயிருந்த கவியரசனும் வந்துவிடுவான். பாத்தி கவியரசனுடையது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கிக் களை எடுத்தது எபிநேசர். நேற்று மத்தியானம் வரைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்ந்தது. மத்தியானத்துக்கு மேல், அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஃபோனில் லைட் அடித்துப் பார்த்துவிடலாம். ஆனால் மோட்டார் கொட்டகை வாட்ச்மேன் கண்ணில் பட்டால், யாருப்பா அது, ஃபர்ஸ்ட் இயரா, இந்நேரத்துல உனக்கு இங்க என்ன வேலை என்பார். வேலைதான் சார். செய்த வேலையைப் பார்க்க வந்தேன் சார். இப்படி ஒரு பதில் நாக்கில் வரும், வெளியே வராது. இந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான், எல்லாப் பதிலும் நாக்கு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

விவசாயக் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே ஆளுக்கொரு பாத்தி கொடுத்துவிடுகிறார்கள். பிளாட் போட்ட மனை மாதிரி மூலையில் நம்பர் எழுதிய குச்சி. விதைத்து, தண்ணீர் கட்டி, களை பிடுங்கி, அறுத்து, இவ்வளவு விளைச்சல் கண்டது என்று காட்டினால் மார்க். பாதிப் பேருக்கு நடவு, பாதிப் பேருக்கு நேரடி விதைப்பு. எபிக்கு நடவு விழுந்தது. கயிறு கட்டி, கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு நாற்று வைத்தான். அதில் களை எடுப்பது ஒரு வித்தையே இல்லை. வரிசையில் நிற்பது நெல், வரிசைக்கு வெளியே நிற்பது களை. மெட்ராஸ் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் பிறந்து, தண்ணி லாரி வரிசை, ரேஷன் வரிசை, பள்ளிக்கூட வரிசை என்று வரிசையிலேயே வளர்ந்தவனுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. நடுவில் நுழைகிறவனைப் பிடித்து வெளியே இழு. ஆனால் கவியரசனுக்கு விழுந்தது விதைப்பு. முளைகட்டின விதையைக் கை நிறைய அள்ளி வீசியது. விழுந்த இடத்தில் விழுந்தது, முளைத்த இடத்தில் முளைத்தது. அதில் வரிசை கிடையாது. வரிசை இல்லாத இடத்தில் யார் உள்ளே யார் வெளியே என்று எதை வைத்துச் சொல்வது. இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றத்தான் செய்தது, அதுதான் இப்போது குத்துகிறது, தோன்றியதும் அதை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டான். கவிக்குக் காய்ச்சல் இறங்காமல் அவன் அண்ணன் பைக்கில் வந்து அழைத்துப் போன அன்று, ஹாஸ்டல் வாசலில், பின் சீட்டில் போர்வையும் தானுமாக உட்கார்ந்துகொண்டு கவி சொன்னான்: “மெட்ராசு, என் பாத்தியையும் கொஞ்சம் பாத்துக்க. களை மண்டிக் கெடக்கும். வேற எவன்கிட்டயும் சொல்லாத, கண்டவனும் எறங்கி மிதிச்சிடுவானுவோ.” வேற எவன்கிட்டயும். அந்த வார்த்தையிலேயே நாலு நாள் சாப்பிடலாம் போல இருந்தது. களைன்னா எதுடா, எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. நான் பாத்துக்கறேன், நீ உடம்பப் பாரு என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி, பைக் கேட்டைத் தாண்டும்வரை கையாட்டிக்கொண்டு நின்றான்.

மடையில் தண்ணீர் நின்றது. யாரோ திருப்பிவிட்டிருப்பார்கள். சத்தம் நின்றதும் பயம் பெரிதாகிவிட்டது, இவ்வளவு நேரம் அந்தச் சத்தம்தான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது போல. கவி கோபப்படுவானா. கோபப்பட்டால்கூட ஒரு கணக்குத் தீரும். திட்டாமல், சரி விடு என்று மட்டும் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வேறு டேபிளில் போய் உட்கார்ந்துவிட்டால்? முதல் வாரம் மெஸ்ஸில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கையில் இருக்கிறது, தட்டின் சூடு உட்பட. சாம்பார் ஊற்றிக்கொண்டு திரும்பினால் எல்லா டேபிளும் நிறைந்திருக்கும். நிறைந்திருக்காது, இடம் இருக்கும், ஆனால் அது யாருக்கோ வைத்த இடம். ஈரோட்டுக்காரர்கள் ஒரு டேபிள், தேனிக்காரர்கள் ஒரு டேபிள், ஸ்கூலிலிருந்தே கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள் இரண்டு டேபிள். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுவின கையையே கழுவிக்கொண்டு, யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஈரோட்டு நவீன்குமார் ஒரு நாள் டேபிளுக்கே கேட்கிற மாதிரி, “ஏனுங்க மெட்ராசு, அரிசி மூட்டை எந்த மரத்துலைங்க காய்க்குது?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எபியும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாகவே சிரித்தான். நவீன்குமார் கெட்டவன் இல்லை, அடுத்த நாளே ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுத்தான். ஆனாலும் அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அப்போது கவிதான் பக்கத்து டேபிளிலிருந்து, “டேய் மெட்ராசு, இங்க வந்து குந்து, எனக்கு இந்த அப்பளம் ஆவாது, நீ தின்னு” என்று கூப்பிட்டான். ஆகும். அப்பளம் அவனுக்கு நன்றாகவே ஆகும், பிறகு பார்த்தானே, மூன்று நான்கு என்று நொறுக்குகிறான். 

அன்றிலிருந்து பேச்சையும் திருத்திக்கொண்டான். ‘இன்னா’வை முழுங்கி ‘என்ன’ என்றான். ‘கீது’வை முழுங்கி ‘இருக்கு’ என்றான். ஒவ்வொரு வார்த்தையையும் வெளியே விடுமுன் வாசலில் நிறுத்திச் சோதனை போட்டதில், பாதி வாக்கியத்தில் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து அம்மா ஃபோன் செய்தபோது பழக்க தோஷத்தில், “என்னம்மா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டான். அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். “இன்னாடா எபி, புச்சா கீது? ‘சாப்பிட்டீங்களா’வா? நான் இன்னா உங்க பிரின்சிபாலா?” சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆனால் சிரிப்பு முடிந்த இடத்தில் ஏதோ இருந்தது. அங்கே புதுசாகிவிட்டான், இங்கே பழசாகவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வந்து கூட்டிக்கொண்டு போய்விடு என்று கேட்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். கேட்டால் வந்துவிடுவாள், மறுநாளே வந்துவிடுவாள், அதனால்தான் கேட்க முடியவில்லை. நல்லா இருக்கேம்மா. நல்லா போடறாங்க சாப்பாடு. ஃப்ரெண்டு இருக்கான், பேரு கவியரசன். அந்தப் பேரைச் சொன்னதும் அம்மாவின் மூச்சு நிதானமானது ஃபோனிலேயே கேட்டது. அந்தப் பேர்தான், இப்போது வரப்பில் உட்கார்ந்து யோசித்தால், அவன் அம்மாவிடம் சொல்லக்கூடிய ஒரே நிஜம்.

கிழக்கே ஒரு கோடு வெளுத்தது. வெளுத்ததா, கண்ணுக்குப் பழகிவிட்டதா. வரப்பில் ஏதோ ஒரு குவியல் கறுப்பாகத் தெரிந்தது. அவன் பிடுங்கிப் போட்டதுதான், போன ஞாயிற்றுக்கிழமைச் சாதனை. எவ்வளவு ஆசையாகப் பிடுங்கினான். காலை டிபன் முடித்து இறங்கியவன், முதுகு இரண்டாக உடைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சேறு கணுக்காலைக் கவ்வும்போது முதல் மாதத்தில் இருந்த அருவருப்பு போய், யாரோ காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது போல ஒரு தைரியம்கூட வந்திருந்தது. வரிசை இல்லையே என்று கொஞ்ச நேரம் முழித்தான், பிறகு அவனே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். திடமாக, உயரமாக, பளபளவென்று அடர்பச்சையாக நிற்பது நெல். குட்டையாக, மெலிந்து, கொஞ்சம் மஞ்சளோடி, நிற்கலாமா வேண்டாமா என்று நிற்பது களை. பார்த்தாலே தெரியாதா, இது யார் இடம் என்று. நன்றாக வளர்கிறவனுடைய இடம்தானே. மெலிந்ததை எல்லாம் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி வரப்பில் எறிந்தான். ஒவ்வொன்றும் வரும்போது வேர் சின்னதாக ஒரு சத்தம் போட்டது, உதட்டைப் பிரிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் அன்றைக்கு இனித்தது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று ஃபோட்டோ எடுத்துக் கவிக்கு அனுப்பினான். தூரத்திலிருந்து பச்சைப்பசேலென்று இருந்தது. கவி ஒரு கட்டை விரலும், “மெட்ராசு கலக்குற, எங்கப்பாகிட்ட காட்டினேன், பய தேறிட்டான்னாரு” என்றும் அனுப்பினான். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். வகுப்பில் மேஜைக்கு அடியில் வைத்து வாசித்தான். கவியின் அப்பா, நாலு தலைமுறையாகச் சேற்றில் இறங்குகிறவர்களின் பிள்ளை, பய தேறிட்டான் என்றார். தூரத்திலிருந்து எடுத்த ஃபோட்டோவைப் பார்த்து.

நேற்று மத்தியானம் களைகளைப் பற்றி வகுப்பு. வாரம் முழுக்க மழையும் டெஸ்ட்டுமாகப் போய், வயல் பக்கம் யாரும் வரவில்லை. மேடம் ஒரு டிரேயில் இரண்டு தூர்களைக் கொண்டுவந்து, அதிசயமாக இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார். “நல்லா பாத்துக்கங்க. இலை தண்டோட சேர்ற இடம். இங்க வெள்ளையா ஒரு நாக்கு, பக்கத்துல முடியோட சின்னதா காது. இருந்தா நெல்லு. நாக்கும் இல்ல, காதும் இல்ல, மொழுக்குன்னு இருக்கா, அது குதிரைவாலிப் புல்லு. அது நெல்லைவிட வேகமா வளரும், பளபளன்னு இருக்கும், அதைப் பாத்து ஏமாந்துறாதீங்க.” அதற்குப் பிறகு மேடம் சொன்னது எதுவும் எபியின் காதில் விழவில்லை. டிரே டேபிள் டேபிளாக வந்தது. அவன் முறை வந்தபோது, மொழுக்கென்று இருந்த தூரைத் தொட்டான், அதன் அடித்தண்டு லேசாகச் சிவந்திருந்தது, அந்தச் சிவப்பை அவனுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அதை ‘நல்ல ரத்தம்’ என்று நினைத்து விட்டுவைத்திருந்தான். வகுப்பு முடிந்து லேப் முடிந்து ஓடி வருவதற்குள் இருட்டிவிட்டது. குவியலிலிருந்து வதங்கிய ஒன்றை எடுத்து ஃபோன் வெளிச்சத்தில் விரித்தான். நாக்கு இருந்தது. வெள்ளையாக, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக. ஒன்றுதானே, தவறிப்போய் ஒன்றிரண்டு வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு இன்னொன்றை எடுக்காமல் திரும்பிவிட்டான். இன்னொன்றை எடுத்திருந்தால் ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பானோ என்னவோ. படுக்கையில் பொய்கள்தான் வரிசையாக வந்தன. மாடு இறங்கிடுச்சு கவி. மழையில அழுகிடுச்சு கவி. எலி. எலிகூட. நான் பிடுங்கும்போது நல்லாத்தான் இருந்துது, அப்புறம் யாரோ வந்து, நவீன்குமாரா இருக்கும். சீ. ஒவ்வொரு பொய்யையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், ஒவ்வொன்றுக்கும் கவி ஒரு கேள்வி கேட்டான், ஒவ்வொரு கேள்வியும் குவியலில் போய் முடிந்தது. அப்படியானால் குவியலை அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டால்? 

வெளிச்சம் வந்துவிட்டது. கேட்காமல், சொல்லாமல், அவன் குவியலை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து நின்றது. எபி எழுந்தான், கால் மரத்திருந்தது, பாத்தியில் இறங்கினான். கைக்கெட்டிய முதல் தூரைப் பிடித்து இலையை மெல்ல வளைத்தான். மொழுக்கு. அடுத்தது. மொழுக்கு. அதற்கடுத்தது, கடவுளே, மொழுக்கு. நாலு எட்டு தள்ளிப் போனால் வேறு மாதிரி இருக்கும் என்று சேற்றில் அவசரமாக நடந்தான். அங்கே ஒன்றில் நாக்கு இருந்தது, ஓரத்தில் முடி இருந்தது, பெரிய புல்லின் இடுக்கில் அவன் கைக்குத் தப்பி, ஒடுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. இப்போது என்ன செய்வது. புல்லை விட்டுவைத்தால் பாத்தி பச்சையாக இருக்கும், ரோட்டிலிருந்து பார்த்தால் கவி சிரிப்பான், அந்தச் சிரிப்பு ஒரு நாளாவது, ஒரு சாப்பாட்டு வேளையாவது நிற்கும். புல்லைப் பிடுங்கினால் இந்தத் தப்பிப் பிழைத்த நாலு நெல்லாவது மூச்சு விடும், ஆனால் பாத்தி சொட்டையாகிவிடும், யாரும் எதுவும் கேட்கவே தேவையில்லாமல் கிழக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று சொல்லிவிடும். நின்றுகொண்டே இருந்தான். ஒரு கொக்கு வந்து பக்கத்துப் பாத்தியில் இறங்கி, அவனை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் எதையோ கொத்தியது. பிறகு கை தானாகக் கீழே போனது. யோசித்து முடிவெடுத்தான் என்று சொல்ல முடியாது. அந்தச் சின்ன நெல்லை மறைத்துக்கொண்டிருந்த புல்லை ஒன்றைப் பிடுங்கினான், அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் பிடுங்கவேண்டியதாக இருந்தது, அப்படியே போனது. ஒவ்வொரு தூரையும் வளைத்துப் பார்த்து, இரண்டாவது தடவையும் பார்த்து, பிறகுதான் பிடுங்கினான். பாதி தூரம் வந்திருப்பான். வரப்பில் செருப்புச் சத்தம். பார்க்காமலே தெரிந்தது. கவி மெலிந்திருந்தான். தோளில் பை, கையில் ஏதோ பாத்திரம் வைத்த மஞ்சள் பை. ஹாஸ்டலுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கேதான் வந்திருக்கிறான்.

“மெட்ராசு! என்னடா, ஞாயித்துக்கிழமைல விடிஞ்சதும் விடியாததுமா...” என்று ஆரம்பித்தவன், பாத்தியைப் பார்த்தான். பிறகு குவியலைப் பார்த்தான். குனிந்து வதங்கிக் கிடந்ததில் ஒரு பிடி எடுத்தான். அவன் விரல் இலையைப் பிரித்தவுடன் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது.

மாடு, மழை, எலி எல்லாம் வரிசையாக நாக்கு வரை வந்து நின்றன.

“நான்தான்டா” என்றான் எபி. “நெல்லப் புடுங்கிட்டேன். புல்ல உட்டுட்டேன். எனுக்குத் தெர்ல.”

கவி பையை இறக்கி வைத்தான். உட்கார்ந்தான், உடம்பில் இன்னும் தெம்பு இல்லை, உட்காரும்போது கை வரப்பைத் தேடியது.

“பூராவுமா?”

“நெறைய.”

“ஏண்டா, ஒரு ஃபோன் அடிச்சு இது நெல்லாடா புல்லாடான்னு கேக்க மாட்டியா? நான் என்ன செத்தா கெடந்தேன்?”

“கேட்டா நீ சிரிப்பேன்னு.”

“சிரிப்பேன்தான். கெடந்து உருண்டு சிரிப்பேன். சிரிச்சா என்னடா? வயலு போனது நல்லாருக்கா இப்ப?” அவன் குரல் உடைந்தது. “எங்கப்பா வர்றவன் போறவன்கிட்டல்லாம் ஃபோட்டோவைக் காட்டிக்கிட்டுக் கெடக்காருடா. பாதி தேறாது இது. பாதிகூடத் தேறாது.”

கவி முதுகைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். போய்விடுவான் என்று எபி காத்திருந்தான். போகவில்லை. கொக்கு எழுந்து போனது. வெயில் முதுகில் ஏறத் தொடங்கியது. அந்த முதுகை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது. எபி மறுபடியும் குனிந்தான். ஒரு புல். இன்னொரு புல். அதற்கடுத்தது பிடிபடவில்லை. நடுத்தர உயரம், நடுத்தரப் பச்சை, இலை சேருகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது, நாக்கா, சேறு காய்ந்ததா. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிடுங்கிவிடவும் செய்யலாம், ஒன்றுதானே. இரண்டும் தோன்றிற்று. கை இரண்டுக்கும் போகவில்லை, இத்தனைக்கும் இது ஒரு சின்னத் தூர்.

“கவி,” என்றான். “இது இன்னாடா?”

கவி திரும்பவில்லை. பிறகு, ரொம்ப நேரம் கழித்து, திரும்பினான். பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் ஒரு காலை வைத்தான்.

“தள்ளு. உன் நெழலு விழுது.” குனிந்து பார்த்தான். கட்டை விரலால் சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். “நெல்லு. இருக்கட்டும்.” சிரிக்கவில்லை. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. “அடுத்தது காட்டு.”

எபி தள்ளி உட்கார்ந்து, அடுத்த தூரின் இலையை வளைத்தான்.